கீழே விழுந்த கழகம் கிண்ணம் தூக்கிய கதை

"சின்னக் கழகமெல்லாம் லீக் வெல்ற காலம் இல்ல சேர்" என்று மைதானத்தில் தம்பிமார் அடித்துச் சொன்னார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

1996 மே மாதம் ஜேர்மனியின் கைசர்ஸ்லவுட்டர்ன் கழகம் முதற்பிரிவிலிருந்து கீழிறங்கியது. கடைசிப் போட்டி லெவர்குசனில், 1-1. உலகக் கிண்ண இறுதியில் ஜேர்மனிக்கு வெற்றிக் கோல் அடித்த அன்ட்ரியாஸ் பிரேமா, எதிரணியின் ரூடி வோலர் தோளில் சாய்ந்து அழுதார். (ஒரு வாரத்தில் இதே கழகம் ஜேர்மன் கிண்ணத்தை வென்றது!)

அந்தக் கோடையில் புதிய பயிற்றுவிப்பாளராக ஓட்டோ ரெஹாகல் வந்தார். அவரும் அடிபட்டவர்தான். யூஈஎப்ஏ கிண்ண இறுதிக்குச் சில நாட்கள் இருக்கும்போது பயேர்ண் மியூனிக் அவரை நீக்கியிருந்தது.

ஒரே வருடத்தில் இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்தார்கள். 1997 ஓகஸ்டில் முதல் போட்டியே மியூனிக்கில், அதே பயேர்ணுடன்! 80ஆவது நிமிடத்தில் டென்மார்க் வீரர் ஷோன்பேர்க் தலையால் முட்டிப் போட்டார். 1-0. ரெஹாகலின் மனநிலையை யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பருவத்தில் ஒலாஃப் மார்ஷல் மட்டும் 21 கோல். ஒரு போட்டி மீதியிருக்க, வொல்ஸ்பேர்க்கை 4-0 என வென்று சம்பியன். பயேர்ண் இரண்டாமிடம். மேலேறிய அதே பருவத்தில் புண்டஸ்லிகா வென்ற கழகம் வேறில்லை.

எல்லோரும் இதை அதிசயம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. பிரேமா 35 வயதில் கழகத்தை விட்டுப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இரண்டாம் பிரிவில் விளையாடினார். 37 வயதில் லீக் சம்பியனாகத்தான் ஓய்வு பெற்றார்.