நிகழ்தகவில் உறையும் தகவு

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பயிலும் மாணவர், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நூலின் இறுதி இயலில் நிகழ்தகவு என்னும் பாடத்தை முதன்முதலாகச் சந்திக்கின்றார். பத்தாம் வகுப்பில் புள்ளியியலோடு சேர்த்து அதனை மீண்டும் கற்கின்றார். நாணயம் சுண்டப்படுகிறது, பகடை உருட்டப்படுகிறது, பைக்குள் கைவிட்டுச் சிவப்புப் பந்து எடுக்கப்படுகிறது. சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் விடை வந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் நம் பங்கின் பிள்ளைகளைக் கேட்டால், 'இது மதிப்பெண் தரும் பாடம், சாமி' என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. எனினும் இப்பாடம் உலகில் பிறந்த வரலாற்றைப் படிப்போர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அங்கே முதலில் பிறந்தது வாய்ப்பின் அளவு அன்று, பங்கீட்டின் நேர்மை. நம் பள்ளிகள் நதியின் பாதி வழியிலிருந்து பயணம் தொடங்குகின்றன.

தமிழில் இக்கலைக்கு இட்ட பெயரே இவ்வரலாற்றை அறிந்து இட்டதுபோல் அமைந்திருக்கிறது. 'தகவு' என்பதற்குத் தகுதி என்பது ஒரு பொருள். நடுவுநிலைமை, நீதி என்பனவும் அகராதிகள் தரும் பொருள்களே. ஐரோப்பிய மொழிகளின் சொல்லோ 'புரோபாபிலிஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றவர்களுக்கு அது பழகிய சொல். 'ஏற்கத்தக்க கருத்து' என்பது அங்கே அதன் பொருள். சான்றோர் எத்தனை பேர் ஒரு கருத்தை ஆதரிக்கிறார்கள் என்பதே அளவுகோல். பகடைக்கும் அதற்கும் நெடுங்காலம் எவ்விதத் தொடர்பும் இருந்ததில்லை.

பகடையோ மிகப் பழையது. கீழடி அகழாய்விலும் பகடைக்காய்கள் கிடைத்துள்ளன. திருக்குறள் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது. நாட்டைச் சூதில் தோற்ற நளனின் கதை மாபாரதத்தின் வனபருவத்தில் வருகிறது; புகழேந்தியின் வெண்பாவால் அது தமிழர் யாவர்க்கும் உரியதாயிற்று. அக்கதையில் இருதுபன்னன் என்னும் அரசன் தேரிலிருந்தபடியே ஒரு தான்றி மரத்தின் கிளைகளிலுள்ள இலைகளையும் காய்களையும் கணக்கிட்டுச் சொல்கிறான். நளன் எண்ணிப் பார்த்துச் சரியென்று கண்டு, அவனிடமிருந்து எண்ணும் வித்தையையும் சூதின் உள்ளுறையையும் ஒருங்கே கற்றுக்கொள்கிறான். எண்ணிக்கைக்கும் சூதுக்கும் உறவுண்டு என்பதை அக்கதை சொன்னவர் உணர்ந்திருந்தார். அதற்கு மேல் அவர் செல்லவில்லை.

சீட்டெடுப்பும் நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். யூதாசின் இடத்திற்கு மத்தியா சீட்டு மூலமே தெரிந்துகொள்ளப்பட்டதைத் திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். இவ்விரு நிகழ்வுகளிலும் சீட்டு என்பது மனிதரின் ஓரவஞ்சனைக்கு அப்பாற்பட்ட தீர்ப்பு. தீர்ப்பு வந்தபின் பணிவதே முறை. வருமுன் அதன் மதிப்பை யாரும் காசாக்கிப் பார்க்கவில்லை.

அவ்வாறு பார்க்க வைத்தது ஒரு வழக்கு. 1494இல் லூக்கா பச்சோலி என்னும் பிரான்சிஸ்கு சபைத் துறவி வெனிசு நகரில் ஒரு பெருங்கணக்கு நூலை அச்சேற்றினார். வணிகர் இன்றும் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை முதலில் அச்சில் விளக்கியவரும் அவரே. அந்நூலில் ஒரு வினா: இரு தரப்பார் பணயம் வைத்துப் பந்தாடுகிறார்கள், முதலில் 60 புள்ளி எடுப்பவர்க்கே பணயம் முழுதும். ஒருவர் 50, மற்றவர் 20 எடுத்த நிலையில் ஆட்டம் நின்றுவிடுகிறது. பணயத்தை எவ்வாறு பங்கிடுவது? எடுத்த புள்ளிகளின் விகிதத்தில், அதாவது 5-க்கு 2 என்று பிரிக்கச் சொன்னார் துறவி. நியாயம்போல் தோன்றும். ஆனால் 1556இல் தார்த்தாலியா என்பவர் குறுக்கிட்டார். ஒருவர் 10 புள்ளி எடுத்தவுடனே ஆட்டம் நின்றால், மற்றவரிடம் ஒன்றுமில்லாததால் அவரே முழுப் பணத்தையும் கொண்டுபோவாரே, அது முறையா என்றார். இறுதியில் அவரும் சலித்து, இது கணக்கைவிட நீதிமன்றத்திற்கு உரிய பொருள் என்று எழுதி முடித்துவிட்டார். எனக்கு அந்தச் சலிப்பு மிகவும் பிடிக்கும். அவர் தோற்ற இடமும் அதுவே, உண்மையைத் தொட்ட இடமும் அதுவே.

நூறாண்டுகள் கழிந்து, 1654ஆம் ஆண்டு கோடையில், பாரிசிலிருந்த பிளேஸ் பாஸ்கலும் தூலூசில் வழக்குமன்ற அலுவலராயிருந்த பியர் தெ பெர்மாவும் இவ்வினா குறித்துக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பாஸ்கலின் எடுத்துக்காட்டு எளிமையானது. இருவர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து ஆடுகின்றனர்; மூன்று முறை முதலில் வெல்பவர்க்கே 64 காசும். ஒருவர் இருமுறை, மற்றவர் ஒருமுறை வென்றபின் ஆட்டம் நிற்கிறது. முன்னவர் சொல்லலாம்: "அடுத்த ஆட்டத்தில் நான் வென்றால் 64-ம் எனது. தோற்றாலோ நாம் சமம். அப்போதும் 32 எனக்கு வரும். ஆக 32 எனக்கு உறுதி. எஞ்சிய 32-இல் உமக்கும் எனக்கும் சம வாய்ப்பு, அதைப் பாதியாக்குவோம்." அவர்க்கு 48, மற்றவர்க்கு 16. கடந்துபோன ஆட்டங்களை எண்ணியவர்கள் எல்லாம் தோற்றார்கள். இனி வரக்கூடியவற்றை எண்ணியவர் வென்றார். அவ்வாண்டே நவம்பர் 23 இரவில் பாஸ்கல் பெற்ற இறையனுபவமும், அதனை எழுதிய தாளை அவர் இறக்கும்வரை தம் மேலாடைக்குள் தைத்து வைத்திருந்ததும் நம் வாசகர்கள் பலர் அறிந்ததே.

1657இல் ஹாலந்து நாட்டு ஹைகென்ஸ் இதனை ஒரு சிறு நூலாக்கினார். ஒரு கையில் 3 காசும் மறு கையில் 7 காசும் மறைத்து, ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று ஒருவர் சொன்னால், அது எனக்கு 5 காசு கொடுத்ததற்குச் சமம் என்றார். இதற்கு அமைந்த பெயர் 'எதிர்பார்ப்பு'. நம் பக்கத்துப் பாக்குத் தோப்புகளை மரத்திலே காய் இருக்கும்போதே குத்தகைக்கு எடுக்கும் வியாபாரி செய்வதும் இந்தக் கணக்கே. மழை பொய்த்தால் இவ்வளவு, காய்த்தால் இவ்வளவு, ஆகவே இன்று தரத்தக்க விலை இவ்வளவு. ஹைகென்சைப் படிக்காமலே அவர் அதைச் செய்கிறார், பெரும்பாலும் தமக்குச் சற்றே சாதகமாக!

பாஸ்கலின் நண்பர்களாகிய ஆர்னோ, நிக்கோல் என்னும் கத்தோலிக்க இறையியலார் இருவர் எழுதிய தர்க்க நூல் ஒன்று உண்டு; முதற்பதிப்பு 1662. அதன் இறுதி அதிகாரத்தில் பரிசுச்சீட்டைப் பற்றி ஒரு பேச்சு வருகிறது. பத்துப்பேர் ஆளுக்கொரு காசு போட்டு ஒருவர் பத்தையும் எடுப்பது நேர்மையான ஆட்டம். பரிசுச்சீட்டு நடத்துபவரோ பத்தில் ஒன்றை முதலிலேயே எடுத்துக்கொள்வதால், சீட்டு வாங்கிய கூட்டம் முழுவதும் ஏமாற்றப்படுகிறது என்பது அவர்கள் வாதம். கணக்கு பிறந்து பத்தாண்டு ஆகுமுன்னே அது அறநூலுக்குள் நுழைந்துவிட்டது.

யாக்கோபு பெர்னூலியின் நூல், அவர் இறந்து எட்டாண்டு கழித்து 1713இல் வெளிவந்தது. வாய்ப்பை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்ணாகக் காணும் வழக்கம் அதன்பின்னரே வேரூன்றியது. நம் ஒன்பதாம் வகுப்பு தொடங்குவது இங்கிருந்துதான். 'கணித எதிர்பார்ப்பு' மேல்நிலை வகுப்புகளில்தான் வருகிறது; அதுவும் அதற்குரிய பாடங்களை எடுத்தவர்க்கு மட்டும். பத்தாம் வகுப்போடு ஆலைக்கோ மண்டிக்கோ செல்லும் பிள்ளை அதை ஒருபோதும் சந்திப்பதில்லை.

இது கொங்குநாட்டில் வெறும் பாடத்திட்டக் குறையாக எனக்குத் தோன்றவில்லை. தமிழ்நாடு அரசு 1968இல் பரிசுச்சீட்டு தொடங்கியது. 1975இல் நிறுத்தி, 1984இல் மீண்டும் தொடங்கியது. 2003 சனவரியில் எல்லாப் பரிசுச்சீட்டு விற்பனையும் இங்கே தடைசெய்யப்பட்டது. ஆனால் வாளையாற்றைத் தாண்டினால் கேரளம். அங்கே அது அரசே நடத்தும் தொழில். இணையவழிப் பணச்சூதாட்டத்தைத் தடுக்க மாநிலம் 2022இல் சட்டம் இயற்றியது. 2025இல் நடுவண் அரசும் இயற்றியது. சட்டம் கடையை மூடும், மனக்கணக்கைத் திருத்தாது.

பள்ளியில் கற்ற நிகழ்தகவு மட்டும் அந்த மனக்கணக்கைத் திருத்துமா? ஓர் இலட்சம் சீட்டு, சீட்டு ஒரு ரூபாய், பரிசெல்லாம் சேர்ந்து 50,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். முதற்பரிசின் நிகழ்தகவு இலட்சத்தில் ஒன்று என்றால், 'அந்த ஒருவன் ஏன் நானாக இருக்கக்கூடாது?' என்பார் சீட்டு வாங்குபவர். அதற்கு மறுமொழி இல்லை. யாரோ ஒருவர்க்கு விழத்தான் போகிறது. அவர் படமும் நாளிதழில் வரும். அன்றாடக் கூலியில் மிச்சம் பிடித்து மகள் திருமணத்தை முடிக்க வழியில்லாதவரை அறிவிலி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சீட்டின் மதிப்பு 50 காசு என்று காட்டிவிட்டால் பேச்சு வேறாகிறது. ஒரு ரூபாய்க்கு 50 காசுப் பொருளை விற்கும் மளிகைக்கடையை எவரும் பொறுக்கமாட்டார். முன்னது அதிர்ஷ்டத்தைப் பற்றிய பேச்சு. பின்னது எடைக்கல்லைப் பற்றிய பேச்சு.

ஒன்பதாம் வகுப்பிலேயே இதைச் சொல்லித்தர இயலும். அதற்கு வேண்டிய கருவி வீடுகளில் கிடக்கிறது. தாயக்கட்டை இரண்டு; ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்; 0, 1, 2, 3. உருட்டினால் 16 விளைவுகள். இரண்டும் வெறுமையாக விழுவது, நாம் பன்னிரண்டு என்பது, ஒரே வழியில். மூன்று விழுவது நான்கு வழிகளில். ஒன்று, அதாவது தாயம், இரு வழிகளில். ஆகவே தாயத்தின் நிகழ்தகவு எட்டில் ஒன்று. பாடநூலின் முறை இங்கே முடிந்துவிடும். ஆசிரியர் இன்னும் ஒரு வினா கேட்கலாம்: ஒரு ரூபாய் கட்டுபவர்க்குத் தாயம் விழுந்தால் எத்தனை ரூபாய் கொடுத்தால் ஆட்டம் நேர்மையானது? எட்டு என்று வகுப்பு சொல்லும். திருவிழாக் கடைக்காரர் ஐந்துதான் தருகிறார் என்றால், ஒவ்வொரு ரூபாயிலும் அவர் எடுத்துக்கொள்வது எவ்வளவு? முப்பத்தேழரைக் காசு.