ஓர் இரசாயனத்துறையின் அறிவித்தற் பலகை

ஒரு பல்கலைக்கழகத் துறையின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் ஆண்டறிக்கைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. நுழைவாயிலருகே தொங்கும் அறிவித்தற் பலகையின் முன் ஐந்து நிமிடம் நின்றாற் போதும். புலமைப்பரிசில், உதவி விரிவுரையாளர் வெற்றிடம், வெளிநாட்டு மேற்படிப்பு, பிற்போடப்பட்ட பரீட்சை, இரங்கற் கூட்டம் எல்லாம் அங்கே இருக்கும். செய்தி தேடிப் பல்கலைக்கழகங்களுக்குப் போகும் இளம் நிருபர்களுக்கு மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்த முதற் பாடமும் அதுவே. உபவேந்தரைச் சந்திப்பதற்கு முன்னர் பலகையைப் படி என்பார்கள். எனக்கு அந்தப் பாடம் அநேகமாக இரசாயனத்துறைப் பலகைகளில்தான் கைகொடுத்தது. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழில் இரசாயனம் கற்பித்த கதை பல்கலைக்கழகங்களுக்கு முற்பட்டது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்திய மாணவர்களைப் பயிற்றினார். தமிழிலேயே வைத்தியம் கற்பிக்க முடியும் என்று பிடிவாதமாக நம்பியவர். தமிழ்ச் சொல் கிடைத்தால் தமிழ், இல்லையேல் வடமொழி, அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவரது ஒழுங்கு. உடற்கூறு, இரண வைத்தியம் எனத் தொடர்ந்த நூல் வரிசையில், வெல்ஸ் என்பவரது இரசாயன நூல் 1875 இல் ‘கெமிஸ்தம்’ என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது. கிறீன் அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே தாயகம் திரும்பிவிட்டார். அங்கிருந்தும் தமிழ் நூல்களுக்காகவே உழைத்து 1884 இல் காலமானார். ‘இரசாயனம்’ என்ற சொல் கையிலிருக்க ஏன் ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டார்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நம்முடைய பழைய வழக்கில் இரசாயனம் என்றால் காயகற்பம், செந்தூரம், சித்தர் வாதம் முதலியனவே நினைவுக்கு வரும். புதிய கல்விக்குப் புதிய பெயர் வேண்டுமென்று எண்ணியிருக்கலாம் என்பது என் ஊகம். ஈற்றில் வென்றது இரசாயனம்தான். இன்று தமிழகத்தார் வேதியியல் என்கிறார்கள். நாம் இரசாயனவியல் என்கிறோம். அவர்களுக்கு ஆக்சிஜன், நமக்கு ஒட்சிசன்.

கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி 1921 இல் திறக்கப்பட்டது. பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு இருக்கவில்லை. மாணவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்கே தோற்றினார்கள். 1942 ஜூலையில் அது ஐவர் ஜெனிங்ஸின் தலைமையில் இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. அந்தக் காலகட்டத்தின் விஞ்ஞானப் பேராசிரியர்களை நினைத்துப் பாருங்கள். கணிதத்துக்கு முதலில் செ. சுந்தரலிங்கம், பின்னர் எலியேசர், பௌதிகத்துக்கு மயில்வாகனம், இரசாயனத்துக்கு கந்தையா. இதை இனப் பெருமைக்காக எழுதவில்லை. மிசன் பாடசாலைகளும் சைவப் பாடசாலைகளும் போட்டி போட்டு ஆய்வுகூடம் கட்டிய ஒரு வரண்ட தீபகற்பம், உத்தியோகத்தை விட வேறு பயிர் விளையாத நிலம், தன் பிள்ளைகளைக் கணக்கையும் விஞ்ஞானத்தையும் நோக்கித் தள்ளியதன் விளைவு அது. பின்னாளில் வந்த வினையின் வித்தும் அதிலேயே இருந்தது. பேராசிரியர் கந்தையாவின் பெயரை இன்று யாழ்ப்பாணத்தில் கேட்டால் பலருக்குத் தெரியாது. ஆனால் இலங்கை இரசாயன நிறுவனம் பட்டப்பின் ஆய்வுகளுக்கு வழங்கும் விருது அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

அந்த நாட்களில் இரசாயனப் பட்டதாரி ஒருவனுக்கு என்ன வழி இருந்தது என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். வழிகள் பல இருந்தன. 1950 இல் காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை எழுந்தது. அதே பத்தாண்டில் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை வந்தது. ஆனையிறவில் விளைந்த உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஒரு முனையிற் குளோரீன், மறுமுனையில் ஐதரசனும் எரிசோடாவும். நாட்டின் குடிநீரைச் சுத்திகரிக்கக் குளோரீன் பரந்தனிலிருந்து போயிற்று. கிழக்கே வாழைச்சேனையிற் காகித ஆலை. கொழும்பிலே 1955 இல் தொடங்கிய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிலையம், அரச பகுப்பாய்வாளர் திணைக்களம். மலையிலே தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம். இவை ஒன்றும் கிடைக்காவிட்டால் பாடசாலை ஆசிரியர் பதவி. காங்கேசன்துறைக்குச் சீமெந்துப் புழுதி படிந்த சட்டையோடு சைக்கிளிற் போய்வந்த பட்டதாரிகளை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் அவர்களுக்கு இருந்த மதிப்பு டாக்குத்தருக்கு அடுத்தபடி.

இனி நான் சொல்லவந்த சொந்தக் காரணம்.

1970 இன் இறுதியில் உயர்தரப் பரீட்சை எழுதிய என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு இரசாயனம் உயிர். கிடுகு வேலிக்குப் பின்னால், மாட்டுக் கொட்டிலின் ஒரு மூலையில், போத்தல்களை அடுக்கி வைத்து ஆய்வுகூடம் நடத்தியவன். பௌதிக விஞ்ஞானத்துக்கு அவனுக்கு இடம் நிச்சயம் என்று ஆசிரியர்களே சொல்லியிருந்தார்கள். 1971 இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. மொத்தப் புள்ளி 400. பௌதிக விஞ்ஞானத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு ஆகக் குறைந்த புள்ளி 183; தமிழ் மொழிமூல மாணவருக்கு 204. மருத்துவத்துக்கு 229 உம் 250 உம். பேராதனைப் பொறியியலுக்கு 227 உம் 250 உம். உயிரியல் விஞ்ஞானத்தில் மட்டும் இடைவெளி சற்றுச் சிறிது: 175, 184. தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் மாணவர்களுக்குப் புள்ளிகளை அள்ளி வழங்கினார்கள் என்று அதற்கு முன்பே ஒரு குற்றச்சாட்டுக் கிளப்பப்பட்டிருந்தது. அது நிறுவப்படவில்லை. என் தோழனின் புள்ளி அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் விழுந்தது. ஒரே வினாத்தாள், ஒரே மேசை உப்பு, ஒரே நிறமாற்றம். விடை எழுதிய மொழி மட்டும் வேறு.

மொழிவாரி முறைக்குப் பின் மாவட்டவாரி முறை வந்தது. மாவட்டமுறையால் மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலைப் பிள்ளைகள் சிலர் முதன்முதலாகப் பல்கலைக்கழக வாசலை மிதித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தார் இதைப் பேச விரும்புவதில்லை. எனக்கு இதை எடுத்துச் சொன்னவர் வன்னிப் பாடசாலை ஒன்றின் அதிபர். எங்கள் பிள்ளைகள் ஒரு புன்சன் சுடரைக்கூடக் காணாமலே பரீட்சை எழுதுகிறார்கள் என்றார் அவர். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் 1971 இன் அளவுகோல் பின்தங்கிய ஊரைப் பார்க்கவில்லை, மொழியைப் பார்த்தது. கொழும்பின் சிறந்த ஆய்வுகூடத்திற் படித்த சிங்கள மாணவனுக்கும் 183. கிளிநொச்சியில் ஆய்வுகூடமே காணாத தமிழ் மாணவனுக்கும் 204.

1974 ஒக்டோபர் 6 ஆந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா வந்திருந்தார். தமிழ்ப் பல்கலைக்கழகம் திருகோணமலையில் அமையவேண்டும் என்று நின்றவர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். பேராசிரியர் கைலாசபதி முதற்றலைவர். கலைப் பிரிவு திருநெல்வேலியில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொடக்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில் அமைந்தது. விஞ்ஞானப் பிரிவோ வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரி வகுப்புகள் நடந்த கட்டடங்களில் ஆரம்பித்தது. வரலாறு சில வேளைகளில் தன் பழைய வீட்டைத் தேடிவரும். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி அமைந்த ஊர் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் படித்த இடம். நான் நிருபனாக அங்கு போனபோது பலகையிலே ஒரேயொரு கடதாசிதான் குத்தப்பட்டிருந்தது. வகுப்பு நேரசூசி. அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். செய்தி ஆசிரியர் சிரித்தார். இரண்டு வரி போட்டார்.

விஞ்ஞானபீடம் பின்னர் திருநெல்வேலிக்கு மாறியது. 1979 இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாகி, வித்தியானந்தன் முதலாவது துணைவேந்தரானார். அதே ஆண்டிற் கொழும்பிலே, அதிகம் பேசப்படாத வேறொரு காரியம் நடந்தது. 1941 இல் தொடங்கிய இலங்கை இரசாயனச் சங்கத்தின் வழிவந்த இலங்கை இரசாயன நிறுவனம், பல்கலைக்கழக அநுமதி கிடைக்காதவர்களும் படிக்கக்கூடியதாக இரசாயனப் பட்டத்துக்கு நிகரான ஒரு கற்கைநெறியை ஆரம்பித்தது. 183 க்கும் 204 க்கும் இடையில் விழுந்தவர்களுக்கு எட்டாண்டு பிந்திய கதவு. என் தோழன் அதற்குள் இலண்டன் போய்விட்டான். இரவிலே பெற்றோல் நிலையத்திற் காவல், பகலிலே தொழில்நுட்பக் கல்லூரி. அவன் காலத்தவர்களில் வேறு சிலர் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் இரசாயன ஆசிரியர்களாய்ப் போனார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து பலகையின் மொழி மாறிற்று. விரிவுரைகள் பிற்போடப்பட்டன, பரீட்சைகள் பிற்போடப்பட்டன. 1987 ஒக்டோபரில் இந்தியப் படையினர் ஹெலிகொப்டர்களில் இறங்கியது பல்கலைக்கழக மைதானத்தில்தான். 1990 இல் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. யூரியா இல்லை, பற்றரி இல்லை, இரசாயனப் பொருள் எதுவும் தாண்டிக்குளம் தாண்டி வராது. இரசாயனம் பயில்பவனே சந்தேகத்துக்குரியவனான காலம். அந்தச் சந்தேகம் முழுவதும் கற்பனையில் எழுந்ததென்றும் சொல்லிவிட முடியாது. அவ்வாண்டு ஜூனில் கிரான் இராணுவ முகாமுக்கு எதிராகப் புலிகள் குளோரீன் வாயுவைப் பயன்படுத்தினார்கள் என்றும், அது அயலிலிருந்த காகித ஆலையிலிருந்து எடுக்கப்பட்டது என்றும் பதிவாகியுள்ளது. குடிநீருக்கென்று வந்த பொருள் எந்தப் பக்கம் போயிற்று என்று பாருங்கள்.

அந்த ஆண்டுகளில் மக்கள் தாமே இரசாயனம் படித்தார்கள். ஜாம் போத்தலிற் சிறு திரி வைத்து மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்தார்கள். மோட்டார் சைக்கிள்களை ஒரு சொட்டுப் பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சவர்க்காரம் இல்லாத வீடுகளிற் பனம்பழம் போட்டுத் துணி துவைத்தார்கள். என் தாயாரும் துவைத்தார். பனங்களி ஏன் நுரைக்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குக் கசப்பைத் தரும் ‘ஃபிளாபெலிஃபெரின்’ என்ற பொருட்கள் சபோனின் வகையைச் சேர்ந்தவை. நீரிற் கலக்கி அடித்தால் நுரைப்பது சபோனினின் இயல்பு. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். எங்கள் பாட்டிமாருக்கு இந்தப் பெயர் தெரியாது. துணி வெளுத்தது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் பெயர்ந்தது. திரும்பி வந்து மீண்டும் தொடங்கியவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதலாம். பலகை மட்டும் இழப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது. மேற்படிப்புக்குப் போன உதவி விரிவுரையாளர் திரும்பவில்லை என்றால் வெற்றிடம் என்று ஒரு கடதாசி ஏறும். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாடு முழுவதும் இந்தக் கடதாசிகள் பெருகின. வெளிநாட்டு ஆய்வுப் புலமைப்பரிசில் அறிவித்தலும் அதனால் உண்டாகும் வெற்றிட அறிவித்தலும் ஒரே பலகையில், ஒரே குண்டூசி வரிசையில் இருக்கும். போகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. காங்கேசன்துறையில் உலை இல்லை. பரந்தனில் யுத்தம் விட்டுவைத்தது சுவர்களை.

ஆனாலும் செய்யக் கிடக்கும் வேலை குறையவில்லை. தீபகற்பத்தின் குடிநீர் சுண்ணக்கல்லுக்கு அடியில் இருக்கிறது. மேலே தோட்டத்துக்கு இடும் பசளையும் மலக்குழியின் கசிவும் அந்தக் கல்லின் வெடிப்புகளூடாகக் கிணற்றுக்குள் இறங்கும். நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். செறிந்த தோட்டப் பகுதிகளின் கிணறுகள் பல அதைத் தாண்டுகின்றன என்று எண்பதுகளிலிருந்தே ஆய்வுகள் சொல்லிவருகின்றன. இரசாயனத்துறை ஒன்று ஊருக்குச் செய்யக்கூடிய ஊழியத்தில் இதைவிட அவசரமானது எனக்குத் தெரியவில்லை.

சென்ற ஆண்டு என் தோழன் ஊருக்கு வந்தான். இலண்டனில் நீர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் முப்பதாண்டு வேலை செய்து ஓய்வுபெற்றவன். வந்த மறுநாளே தன் பழைய வளவுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்து வைத்திருந்தான். “மச்சான், ஒருக்கா கம்பஸ் பக்கம் போவமே?” என்றான். போனோம். பொறுப்பான பிள்ளை ஒன்று போத்தலை வாங்கி இலக்கமிட்டு வைத்துக்கொண்டது. ஒரு கிழமை கழித்து வந்த முடிவில் நைத்திரேற்று 50 ஐத் தாண்டியிருந்தது. அவன் தாளை இரண்டாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கிணற்றைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வெளியே வரும்போது பலகையின் முன் நின்றுவிட்டான். உதவி விரிவுரையாளர் வெற்றிடத்துக்கான தகைமைகளை, மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, கடைசி வரி வரைக்கும் வாசித்தான்.

“முடிவு திகதி போட்டுது,” என்றான்.