கொடிமரத்தைத் தழுவியவர்கள்: வளைகுடா அடிமைகளின் விடுதலை மனுக்கள்

இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுவரும் இந்திய அலுவலக ஆவணங்களுள், பாரசீக வளைகுடாவின் பூஷஹர் நகரில் இயங்கிய ஆங்கிலேய ரெசிடென்சியின் கோப்புகள் ஒரு பெருந்தொகுதியாக உள்ளன. உடன்படிக்கைகள், கப்பல் போக்குவரத்து, எண்ணெய் உரிமங்கள் ஆகியவற்றைப் பற்றிய கடிதங்களுக்கிடையே வேறொரு வகைத் தாள்களும் அவற்றில் காணப்படுகின்றன. தம் எசமானரிடமிருந்து தப்பி வந்த அடிமைகள், விடுதலை வேண்டி அளித்த வாக்குமூலங்கள் அவை. இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளைச் சேர்ந்த இத்தகைய வாக்குமூலங்கள் தொள்ளாயிரத்துக்கும் மேல் எஞ்சியுள்ளன. எழுதப்படிக்க அறியாத மனிதர்கள் தம் வாயால் சொன்ன தம் வரலாறு என்பதனால், இவற்றுக்கு ஈடான சான்று முஸ்லிம் உலகின் அடிமைமுறை பற்றி அரிதாகவே கிடைக்கிறது.

இவ்வரலாறு தமிழ் முஸ்லிம்களுக்கு முற்றிலும் அயலானதன்று. முத்துக் குளிப்பும், 'நாகுதா' என்னும் மரக்கலத் தலைவனின் பெயரும் காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் பழக்கமானவை. இலங்கையின் மரிச்சுக்கட்டியில் 1900களின் தொடக்கத்தில் நடைபெற்ற முத்துக்குளிப்பில், தமிழகத்துக் குளியாளர்களும் வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளியாளர்களும் ஒரே கடலில் மூழ்கினர். ஆயினும் அக்கடலின் மறுகரையில் முத்தெடுத்தவர்களுள் பலர் அடிமைகள் என்பதை நாம் அதிகம் பேசியதில்லை.

முத்தும் பேரீச்சையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வளைகுடா முத்துக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருங்கிராக்கி ஏற்பட்டது. லாரிமர் தொகுத்த வளைகுடா அரசிதழ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 4,500 படகுகளும் 74,000 பேரும் இத்தொழிலில் ஈடுபட்டிருந்ததாகக் கணக்கிடுகிறது. அதே காலத்தில் ஓமானின் 'ஃபர்த்' வகைப் பேரீச்சம்பழம் நியூயார்க் சந்தைக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. பாத்தினா கரையின் பேரீச்சந்தோப்புகளுக்கு, நம் நாட்டுக் கவலையேற்றம் போல மாடு பூட்டி நீர் இறைக்க ஆள் வேண்டியிருந்தது. கடலில் மூழ்கவும் ஆள் வேண்டியிருந்தது. இந்தத் தேவையை ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் நிறைவு செய்தனர்.

எனவே வளைகுடா அடிமைமுறையை வீட்டு வேலைக்காக மட்டும் நிலவிய பழைய வழக்கம் எனக் கூறுவது பொருந்தாது. உலகச் சந்தையே அதனை அக்காலத்தில் வளர்த்தது. பாரிஸ் நகரத்து மங்கையரின் கழுத்தணியும் அமெரிக்க வீடுகளின் பழத்தட்டும் இந்த அடிமைகளின் உழைப்போடு பிணைந்திருந்தன.

1902இல் மொசாம்பிக் கரையில் சூர் நகர அடிமை வணிகர்களைப் போர்த்துக்கீசர் பிடித்த பின்னர் ஆப்பிரிக்காவிலிருந்து வரும் வழி குறுகியது. அதன்பின் மக்ரான் கரையிலிருந்து பலூசிகள் கடத்தப்படுவது மிகுந்தது. வறட்சியும் உட்பகையும் நிலவிய அந்நாட்டிலிருந்து சிறுவரும் பெண்களும் படகில் ஏற்றப்பட்டு, பாத்தினா கரையில் இறக்கப்பட்டு, புரைமி வழியாக உள்நாட்டுக்கு விற்கப்பட்டனர். இவர்கள் சுதந்திரமான முஸ்லிம் பெற்றோருக்குப் பிறந்த முஸ்லிம்கள் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

மனுவின் வழி

ஆங்கிலேயர் இவர்களுக்கு விடுதலை அளிக்கும் உரிமையைப் பல உடன்படிக்கைகளிலிருந்து வருவித்துக்கொண்டனர். 1820ஆம் ஆண்டின் பொது உடன்படிக்கை, அடிமைகளைக் கவர்ந்து கப்பலேற்றுவதைக் கடற்கொள்ளையாகக் கருதியது. 1847இல் வளைகுடாக் கரையின் ஷெய்குகள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை விலக்க ஒப்பினர். 1873இல் மஸ்கத் சுல்தான் துர்கி பின் சயீத் அடிமைச் சந்தைகளை மூட உடன்பட்டார். மஸ்கத்தில், ஆங்கிலத் தூதரக முற்றத்துக் கொடிமரத்தைத் தழுவிக்கொண்ட அடிமை விடுதலை பெறுவான் என்னும் வழக்கம் மக்களிடையே நிலைத்தது.

தப்பி வருவது எளிதன்று. உள்நாட்டிலிருந்து வருபவர் இரவில் நடந்து, பகலில் ஒளிந்து, மஸ்கத், ஷார்ஜா, பஹ்ரைன் ஆகிய இடங்களில் ஒன்றைச் சேர வேண்டும். அங்கே முகவரின் எழுத்தர் அவரை வினவுவார். பெயர், ஏறத்தாழ வயது, பிறந்த ஊர், பெற்றோர், பிடிக்கப்பட்ட விதம், விற்றவர், வாங்கியவர், தப்பியதற்கான காரணம் ஆகியவை கேட்கப்படும். அரபியிலோ பலூசியிலோ சுவாஹிலியிலோ சொல்லப்பட்டவை ஆங்கிலத்தில் சுருக்கப்பட்டு, தேவையானால் பூஷஹருக்கு அனுப்பப்படும். கூற்று ஏற்கப்பட்டால் எண்ணிட்ட விடுதலைச் சீட்டு ஒன்று வழங்கப்படும். அதை உடையவர் சுதந்திரமானவர். அவரை எவரும் தடுக்கலாகாது என்பது அதன் சாரம்.

எழுத்தரின் வினாவே வாக்குமூலத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பதால் இவற்றைக் கவனத்துடன் படிக்க வேண்டும். எந்த விடை விடுதலை தரும் என்பதை மனுதாரரும் அறிந்திருந்தார். எனினும் அவ்வரிகளுக்குள்ளிருந்து மனிதக் குரல் ஒலிக்காமல் இல்லை. குளித்து ஈட்டிய பங்கு முழுவதையும் எசமானன் எடுத்துக்கொள்கிறான் என்பார் ஒருவர். உணவும் உடையும் இல்லை என்பார் மற்றொருவர். மனைவியை வேறோர் ஊருக்கு விற்கப்போகிறான் என அஞ்சி ஓடிவந்தவர் உண்டு. தனக்கு மட்டுமன்றித் தன் மக்களுக்கும் சீட்டு வேண்டி நின்ற தாய்மார் உண்டு.

மார்க்கச் சட்டத்தின் முன்

இங்கு நாம் நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டிய ஒரு வினா எழுகிறது. விடுதலை வேண்டிய முஸ்லிம் ஒருவர் காழியின் வாயிலை விட்டு, அந்நிய ஆட்சியின் கொடிமரத்தை ஏன் நாடினார்?

உரிமை வேண்டி முறையிடுவது இஸ்லாமிய மரபுக்குப் புதிதன்று. விடுதலைப் பத்திரம் வேண்டும் அடிமைகளிடம் நன்மையைக் கண்டால் அதனை எழுதிக்கொடுக்குமாறும், அவர்களுக்குப் பொருளுதவி செய்யுமாறும் திருமறை பணிக்கிறது (24:33). ஜகாத்தின் எட்டுப் பங்குகளுள் ஒன்று அடிமைகளின் விடுதலைக்கு உரியது (9:60). அனஸ் (ரலி) அவர்களிடம் சீரீன் என்னும் அடிமை இத்தகைய பத்திரம் கேட்டு, அது மறுக்கப்பட்டபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். உமர் (ரலி) அவர்கள் சாட்டையை ஓங்கி, அவ்வசனத்தை ஓதி, பத்திரம் எழுதச் செய்தார்கள் என்பது புகாரியில் பதிவான செய்தி. புகழ்பெற்ற அறிஞர் முஹம்மது இப்னு சீரீன் அந்தச் சீரீனின் மகனாவார்.

சுதந்திரமான மனிதனை விற்று அவன் விலையை உண்டவனுக்கு எதிராக மறுமையில் இறைவனே வழக்காடுவான் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். மனிதனின் மூலநிலை சுதந்திரமே என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த விதி. திம்புக்துவின் அறிஞர் அஹ்மத் பாபா, தாமே மொராக்கோ படையினரால் சிறைப்பட்டு மராக்கிஷுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். சுதந்திரமான முஸ்லிம்களை அடிமைகொள்வது ஆகாது என 1615இல் அவர் தம் நூலில் விரிவாக நிறுவினார். இந்த அளவுகோலின்படி, மக்ரானிலிருந்து கடத்தப்பட்ட பலூசிச் சிறுவனின் அடிமைத்தனம் ஒருநாளும் செல்லுபடியானதன்று.

இதனைச் செயலில் காட்டிய முஸ்லிம் ஆட்சியாளரும் உண்டு. துனீசியாவின் அஹ்மத் பே 1841இல் அடிமை விற்பனையைத் தடுத்தார். 1846இல் அடிமைமுறையையே ஒழித்தார். அடிமைகள் சட்டப்படிதான் கொள்ளப்பட்டனரா என்பது ஐயத்துக்குரியது. அவர்களை நடத்தும் முறையோ மார்க்கத்துக்கு மாறானது என்று அவர் உலமாக்களிடம் எடுத்துரைத்தார். தஞ்சம் புகும் அடிமைக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருமாறு ஸாவியாக்களில் எழுத்தர்களை அமர்த்தினார். பிரெஞ்சுக்காரர் துனீசியாவைக் கைப்பற்றியது அதற்கு 35 ஆண்டுகளுக்குப் பின்னர், 1881இல்.

ஆகவே வழி மார்க்கத்தில் இல்லாமல் இல்லை. முத்து வாணிபத்தில் செல்வம் திரட்டியோரின் ஊரில், அவ்வழியைத் திறந்துவிடும் உமர்தான் இல்லாமற்போனார். எனவேதான் கால்கள் கொடிமரத்தை நோக்கி நடந்தன.

ஆட்சியாளரின் இரு முகங்கள்

இதனால் ஆங்கிலேயரை விடுதலை வீரர்களாகக் கொண்டாட வேண்டியதில்லை. 1875இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை, தன் கப்பல்களில் தஞ்சம் புகும் அடிமைகளைப் பெரும்பாலும் திருப்பி ஒப்படைக்க வழிசெய்யும் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. இங்கிலாந்து மக்களின் கடுஞ்சீற்றத்தின் பின்னரே அது திரும்பப் பெறப்பட்டது. கடல்வழி வணிகத்தைத் தடுத்த அதே ஆட்சி, ஷெய்குகளின் நாட்டுக்குள் நிலவிய அடிமைமுறையை உள்நாட்டு வழக்கம் எனக் கூறித் தொடாமல் விட்டது. முத்துத் தொழில் குலையக்கூடாது. ஷெய்குகளின் நல்லெண்ணம் கெடக்கூடாது. 1932இல் இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் ஷார்ஜாவில் இறங்கத் தொடங்கியபோது அந்நல்லெண்ணத்தின் தேவை மேலும் கூடியது. தேடி வந்தவனுக்குச் சீட்டு உண்டு. தேடி வர இயலாதவனைத் தேடிச் செல்வதில்லை என்பதே அவர்களின் கொள்கையாக இருந்தது எனலாம்.

பிற ஐரோப்பியரும் இதில் விலக்கல்லர். சூர் நகரத்து மரக்கலங்கள் ஆங்கிலேயரின் சோதனையைத் தவிர்க்கப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிச் சென்றன. அந்த வழக்கு ஹேக் நடுவர் மன்றம் வரை சென்று 1905இல் தீர்ப்புப் பெற்றது. ஒரு கொடி அடிமைக்குப் புகலிடமாகவும் மற்றொரு கொடி அவனைக் கொண்டுசெல்வோருக்குத் திரையாகவும் அமைந்தன.

சீட்டுக்குப் பின்

சீட்டுப் பெற்றவரின் வாழ்வும் உடனே மலர்ந்துவிடவில்லை. முத்துக்குளிப்பில் சுதந்திரமான குளியாளனும் நாகுதாவிடம் முன்பணம் பெற்றுக் கடனில் கட்டுண்டவனே. 'பர்வா' எனப்படும் கடன் விவரச் சீட்டு இல்லாதவனை வேறொரு நாகுதா ஏற்கமாட்டான். விடுதலைச் சீட்டை ஒரு கையிலும் கடன் சீட்டை மறு கையிலும் ஏந்தி அதே கடலுக்குத் திரும்பியவர் பலர். சீட்டு பறிக்கப்பட்டு மீண்டும் பிடிக்கப்படும் ஆபத்தும் இருந்தது.

1929இன் உலகப் பொருளாதார நெருக்கடியும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் வளைகுடா முத்துத் தொழிலை வீழ்த்தின. அடிமையைப் பேணுவது சுமையான காலத்தில்தான் விடுதலை எளிதாயிற்று என்பது கசப்பான உண்மை. பஹ்ரைனில் 1937இலும், குவைத்தில் 1949இலும், கத்தரில் 1952இலும், சவூதி அரேபியாவில் 1962இலும், இன்றைய ஐக்கிய அரபு அமீரகப் பகுதிகளில் 1963இலும், ஓமானில் 1970இலும் அடிமைமுறை முடிவுக்கு வந்தது.

இந்த வாக்குமூலங்கள் இரு எளிய கதைகளையும் ஏற்க மறுக்கின்றன. முஸ்லிம் சமூகங்களில் அடிமைகள் அன்போடு நடத்தப்பட்டனர், ஆகவே பேச ஒன்றுமில்லை என்பது ஒரு கதை. ஐரோப்பியர் வந்து விடுவித்தனர் என்பது மற்றொன்று. உண்மையில் இரவில் பாலையைக் கடந்து நடந்தவர், தம் பெயரையும் தம் தாயின் பெயரையும் மறவாமல் சொன்னவர், அந்த அடிமைதான். விடுதலையின் முதல் அடியை எடுத்துவைத்தவர் அவர்.

கடத்தப்பட்ட காலத்தில் ஐந்தாறு வயதினராக இருந்தும், தாம் சுதந்திரமானவரின் பிள்ளை என்பதை நினைவில் காத்துவைத்து, பல்லாண்டுகளுக்குப் பின் ஓர் எழுத்தர் முன் அதனைச் சொன்னவர்கள் அக்கோப்புகளில் இருக்கிறார்கள். இன்று அவற்றுள் பல கத்தர் எண்ணிம நூலகத்தின் வழி யாவரும் படிக்கக் கிடைக்கின்றன. அவர்களைச் செவிமடுப்பது நம் வரலாற்றை இழிவுபடுத்துவதாகாது. சீரீனின் முறையீட்டைக் கேட்ட உமர் (ரலி) அவர்களின் மரபைப் பின்பற்றுவதேயாகும்.