இம்மாக்குலாட்டா கல்லூரி: கூடைப்பந்து வீராங்கனைகளும் பயிற்சியாளரும் பெற்ற கௌரவங்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவுக்கு மேற்கே இருக்கிறது இம்மாக்குலாட்டா. மரியாயின் மாசற்ற இருதய சபைக் கன்னியர் நடத்திவரும் இந்நிறுவனம் 1920இல் வில்லா மரியா கல்லூரி என்று தொடங்கியது. 1929இல் இம்மாக்குலாட்டா கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. சில நூறு மாணவியரே படித்த இந்தப் பெண்கள் கல்லூரியின் கூடைப்பந்து அணி 1972, 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றது. ‘மைட்டி மாக்ஸ்’ என்று அழைக்கப்பட்ட அந்த அணியைக் கூடைப்பந்து உலகம் முறையாகக் கௌரவிக்க, கடைசிப் பட்டத்திலிருந்து நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

1970இல் கேத்தி ரஷ் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 22. ஆண்டுச் சம்பளம் 450 டாலர். கல்லூரியின் உள்விளையாட்டரங்கம் 1967இல் தீக்கிரையாகியிருந்ததால், கன்னியர் மடத்தின் அடித்தளக் கூடத்தில்தான் பயிற்சி நடந்தது. கம்பளித் துணியில் தைத்த, மடிப்பு வைத்த பழைய பாணிச் சீருடையை அணிந்துதான் மாணவியர் ஆடினர். விளையாட்டுக்கென உதவித்தொகை எவருக்கும் இல்லை. பெரும்பாலோர் பிலடெல்பியா வட்டாரக் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆடிப் பழகியவர்கள். அந்தப் பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டிகள் கடுமையானவை. இந்த அணியின் பலம் அங்கே உருவானது என்பதை மறந்துவிட்டு அதன் வெற்றியை அதிசயமாக மட்டும் எழுதுவது அந்தப் பெண்களின் உழைப்புக்குச் செய்யும் குறை.

கல்லூரிப் பெண்கள் விளையாட்டுக்கான ஏ.ஐ.ஏ.டபிள்யூ. சங்கம் தன் முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டியை 1972 மார்ச்சில் இல்லினாய் மாநிலத்தின் நார்மல் நகரில் நடத்தியது. 16 அணிகளில் இம்மாக்குலாட்டாவுக்குத் தரப்பட்ட வரிசை எண் 15. பயணச் செலவுக்கு மாணவியர் பல்துலக்கி விற்றுப் பணம் திரட்டினர். அப்படியும் எட்டு வீராங்கனைகளால் மட்டுமே போக முடிந்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது வெஸ்ட் செஸ்டர் அரசுக் கல்லூரி. அது ரஷ் படித்த கல்லூரி. சில நாட்களுக்கு முன்புதான் வட்டாரப் போட்டியில் இவர்களை 32 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்திருந்தது. இம்முறை இம்மாக்குலாட்டா 52–48 என வென்றது. அடுத்த ஆண்டு நியூயார்க்கின் குவீன்ஸ் கல்லூரியையும், 1974இல் மிசிசிப்பி கல்லூரியையும் வீழ்த்திப் பட்டத்தைத் தக்கவைத்தது.

இந்த ஆட்டங்களின் சத்தம் தனிப் புகழ் பெற்றது. ரெனே மத் என்ற வீராங்கனையின் தந்தை இரும்புக்கடை வைத்திருந்தார். கடையிலிருந்து அவர் கொண்டுவந்த வாளிகளைக் குச்சியால் தட்டிப் பெற்றோரும் கன்னியரும் அரங்கத்தை அதிரவைத்தனர். 1975 ஜனவரி 26 அன்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தை 80–48 என வென்ற ஆட்டம், நாடு முழுவதும் ஒளிபரப்பான முதல் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தாட்டமாகும். அதற்கடுத்த மாதம், பிப்ரவரி 22 அன்று, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் குவீன்ஸ் அணியுடன் மோதியபோது ஏறத்தாழ 12,000 பேர் திரண்டனர். அந்த அரங்கில் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து நடந்தது அதுவே முதன்முறை.

1975, 1976 இறுதி ஆட்டங்களில் மார்கரெட் வேட் பயிற்றுவித்த மிசிசிப்பியின் டெல்டா அரசுக் கல்லூரியிடம் அணி தோற்றது. இதற்குள் காலம் மாறியிருந்தது. 1972 ஜூனில் நிறைவேறிய ‘டைட்டில் நைன்’ சட்டம் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளுக்கும் உதவித்தொகை தரத் தொடங்கின. பெண்களுக்கு நன்மை செய்த அதே மாற்றம், பண வசதியற்ற சிறு கல்லூரிகளை உச்சியிலிருந்து இறக்கியது. 1977இல் ரஷ் விலகினார். அவரது கணக்கில் 149 வெற்றிகள், 15 தோல்விகள்.

கௌரவங்கள் வந்த வரிசை கவனிக்கத்தக்கது. கூடைப்பந்துக்கு ஜேம்ஸ் நெய்ஸ்மித் பெயரில் அமைந்த புகழ்மன்றம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் உள்ளது. 1968இல் அதன் கதவு முதலில் திறந்ததே ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரி என்னும் சிறு கல்லூரியின் வளாகத்தில்தான். அப்படியிருந்தும் பெண்களுக்கு அங்கே இடம் கிடைக்க 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு சேர்க்கப்பட்ட மூன்று பெண்களில் மார்கரெட் வேட் ஒருவர். அவருக்கு முன்பே மூன்று பட்டங்கள் வென்ற ரஷ்ஷின் முறை 2008இல்தான் வந்தது. இடையில், டென்னசியின் நாக்ஸ்வில் நகரில் 1999இல் திறக்கப்பட்ட பெண்கள் கூடைப்பந்துப் புகழ்மன்றம் 2000இல் ரஷ்ஷையும், 2001இல் தெரசா ஷாங்க் கிரெண்ட்ஸையும், 2002இல் மேரியான் கிராஃபோர்ட் ஸ்டான்லியையும் சேர்த்துக்கொண்டது. பெண்களுக்கென மன்றம் எழுந்த பிறகே இந்தப் பெயர்கள் ஏறின.

கிரெண்ட்ஸும் ஸ்டான்லியும் அந்த அணியில் ஆடிப் பின்னர் பயிற்சியாளர்களானவர்கள். கிரெண்ட்ஸ் பயிற்றுவித்த ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1982இல் ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வின் கடைசிப் பட்டத்தை வென்றது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற அமெரிக்கப் பெண்கள் அணிக்கும் அவரே பயிற்சியாளர். ஸ்டான்லி, ஓல்ட் டொமினியன் அணிக்கு 1979, 1980, 1985 ஆண்டுகளில் தேசியப் பட்டங்கள் பெற்றுத் தந்தார். 1993இல், ஆண்கள் அணிப் பயிற்சியாளருக்கு நிகரான ஊதியம் கேட்டு, தான் பயிற்றுவித்த தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மீது வழக்கும் தொடுத்தார். நீதிமன்றங்கள் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவில்லை. 450 டாலரில் தொடங்கிய ஒரு பரம்பரையிலிருந்து இந்தக் கேள்வி எழுந்தது இயல்பே.

2011இல் திரைக்கு வந்த ‘தி மைட்டி மாக்ஸ்’ படத்தில் கார்லா குகினோ ரஷ்ஷாக நடித்தார். அணியின் கதை புதிய தலைமுறையைச் சென்றடைய அது உதவியது. ஆனால் வீராங்கனைகள் அதில் கற்பனைப் பெயர்களிலேயே வருகிறார்கள்.

அந்தக் குறையைத் தீர்த்தது 2014 ஆகஸ்டில் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த சேர்ப்பு விழா. 1972 முதல் 1974 வரையிலான இம்மாக்குலாட்டா அணி முழுவதையும் நெய்ஸ்மித் புகழ்மன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரு பெண்கள் கல்லூரி அணி அங்கே அணியாகவே இடம்பெற்றது அதுதான் முதல்முறை. இந்த அணி பெற்ற கௌரவங்களில் இதுவே மிகப் பொருத்தமானது. பயிற்சியாளர்களாகிப் புகழ் பெற்றவர்களை உலகம் எப்படியும் நினைவில் வைத்துக்கொள்ளும். மாற்று ஆட்டக்காரராக இருக்கையில் காத்திருந்து, பட்டம் பெற்றதும் வேறு வேலைக்குப் போனவர்களுக்கு அணிக்கான கௌரவம் ஒன்றே வழி. ஐம்பதுகளில் தொடர்ந்து 131 ஆட்டங்களை வென்ற டெக்சஸின் வேலண்ட் பாப்டிஸ்ட் கல்லூரியின் ‘ஃப்ளையிங் குவீன்ஸ்’ அணிக்கும் 2019இல் இதே வழியில்தான் இடம் கிடைத்தது. கிரெண்ட்ஸும் ஸ்டான்லியும் 2022இல் தனித்தனியாகச் சேர்க்கப்பட்டனர்.

இம்மாக்குலாட்டா 2002இல் பல்கலைக்கழகமாகி, 2005இல் ஆண்களையும் சேர்க்கத் தொடங்கியது. இன்று, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. சங்கத்தின் விளையாட்டு உதவித்தொகை இல்லாத மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. ஒரு மதிப்பு மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது. என்.சி.ஏ.ஏ. நடத்தும் பெண்கள் கூடைப்பந்தின் அதிகாரப்பூர்வ வெற்றியாளர் பட்டியல் 1982இல்தான் தொடங்குகிறது, ஏ.ஐ.ஏ.டபிள்யூ. பட்டங்கள் அதில் இல்லை. அந்தப் பட்டியல் 1972இலிருந்து, இம்மாக்குலாட்டாவின் பெயரிலிருந்து தொடங்குவதே நியாயம்.