பல் எக்ஸ்-கதிர்ப் படம்: பிலிமிலிருந்து கணினித் திரைக்கு
1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். 1896 ஜனவரியில் ஜெர்மானியப் பல் மருத்துவர் ஓட்டோ வால்கோஃப் தம் பற்களையே படமெடுத்தார்; அதற்கு 25 நிமிடங்கள் கதிர் படவேண்டியிருந்தது. அமெரிக்கப் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ், கருவியைச் சரிபார்க்கத் தம் கையையே அடிக்கடி கதிரில் காட்டினார். புற்றுநோயால் விரல்களையும் பின்னர் கையையும் இழந்தார்.

வேகமான பிலிம்கள் கதிர்படும் நேரத்தை ஒரு நொடிக்கும் கீழே கொண்டுவந்தன. ஆனால் இருட்டறையில் கழுவும்போது படம் கெட்டால், நோயாளி மீண்டும் கதிரை ஏற்கவேண்டும். 1987இல் பிரான்சின் பிரான்சிஸ் மூயென் உருவாக்கிய ரேடியோவிசியோகிராபி அறிமுகமானது. வாய்க்குள் வைக்கும் உணரி, பிலிமைவிடக் குறைந்த கதிரிலேயே படத்தைச் சில நொடிகளில் திரையில் காட்டியது. இன்று பல் மருத்துவமனைகளில் ‘ஆர்.வி.ஜி.’ எனப்படுவது இதுவே. எளிதாக எடுக்கலாம் என்பதற்காகத் தேவையின்றிப் பலமுறை எடுத்தால், கதிர் குறைந்த பயன் வீணாகிவிடும்.