பன்னிரண்டாவது துண்டு: சேகரிப்பு, மீட்டமைப்பு, செஞ்சி

1

2025 ஜூலை 11 அன்று பாரிசில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு 12 கோட்டைகளை ஒரே பெயரில் பட்டியலில் சேர்த்தது. 'இந்தியாவின் மராத்திய ராணுவ நிலவெளிகள்' என்பது அந்தப் பெயர். பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன: ராய்கட், ராஜ்கட், பிரதாப்கட், சிவ்நேரி, சிந்துதுர்க் என்று போகிறது வரிசை. பன்னிரண்டாவது மட்டும் வெகுதூரம் தள்ளி, விழுப்புரம் மாவட்டத்தில் நிற்கிறது. செஞ்சி.

செஞ்சிக்காரர்கள் இதில் சந்தோஷப்பட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆள் வரும், ரோடு வரும், நாலு பேருக்கு வியாபாரம் நடக்கும். நம் கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பொருளை அதற்காகவே மதிப்பது ஒன்று. ஒரு 'செட்'டின் துண்டாக மதிப்பது இன்னொன்று. செட்டில் சேர்ந்துவிட்ட பொருளுக்கு செட்டின் பெயர்தான் முன்னால் வரும், தன் பெயர் அப்புறம்தான். செட் நிறைவதற்கு எந்தக் குணம் தேவையோ அதை மட்டும் துலக்கி வைப்பார்கள். மீதி தூசியாகக் கிடக்கும்.

சேகரிப்பது, காட்சிக்கு வைப்பது, பழுதுபார்த்து மீட்பது ஆகிய மூன்றையும் அரசுகள் செய்கின்றன, தனிமனிதர்களும் செய்கிறார்கள். அரசு செய்யும்போது 'பாரம்பரியம்' என்ற பெரிய வார்த்தை குறுக்கே நின்று மறைத்துக்கொள்கிறது. அப்படி மறைப்பு ஏதும் இல்லாத ஒரு சின்ன இடத்தில் இந்தச் செயல்களைப் பார்ப்பது நல்லது. வளர்ந்த மனிதர்கள் பிளாஸ்டிக் கட்டைகளைச் சேர்க்கும் பழக்கம் அப்படியொரு இடம். கோட்டையைப் பேச வந்தவன் பொம்மையைப் பேசுகிறானே என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

2

நாம் 'பில்டிங் பிளாக்ஸ்' என்று சொல்லும் கட்டை, மேலே குமிழும் அடியில் குழாயும் உள்ள அந்தப் பிளாஸ்டிக் செங்கல், அப்படியொன்றும் களங்கமற்ற பிறவி இல்லை. டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932இல் மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். 1949இல் அவருடைய லேகோ கம்பெனியிலிருந்து ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டை வந்தது. யோசனை அவருடையது இல்லை. இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்த கட்டையைப் பார்த்துச் செய்தது. அடியில் குழாய் வைத்து இறுகப் பிடிக்கும் வடிவத்துக்கு லேகோ காப்புரிமை கோரியது 1958 ஜனவரி 28இல். பேஜ் அதற்கு முந்தைய வருஷமே செத்துப்போயிருந்தார். அவருடைய கட்டையின் உரிமையை லேகோ விலைகொடுத்து வாங்கியது 1981இல்தான். பிறகு இதே லேகோ, தன் கட்டையின் வடிவத்தை வேறு யாரும் செய்யக்கூடாது என்று கோர்ட்டுக்குப் போனது. அந்த வடிவம் ஒரு கம்பெனியின் வணிகச் சின்னம் ஆக முடியாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2005இலும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010இலும் சொல்லிவிட்டன. எது மூலம், எது நகல் என்ற சண்டையில் நகலெடுத்தவரே மூலத்தின் காவலராக மாறுவது இலக்கியத்தில் மட்டும் நடப்பதில்லை.

எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறை 91,51,03,765 விதமாகப் பொருத்தலாம் என்பது கணிதக்காரர்கள் போட்ட கணக்கு. பெட்டிக்குள் வரும் கையேடு அதில் ஒரே ஒரு விதத்தைத்தான் காட்டுகிறது. இந்த முரண்தான் முக்கியம். 1957இல் வெளியான 'மித்தாலஜீஸ்' நூலில் ரொலான் பார்த் பொம்மையைப் பற்றியும் பிளாஸ்டிக்கைப் பற்றியும் தனித்தனியே எழுதியிருக்கிறார். பெரியவர்களின் உலகத்தைச் சின்னதாக்கித் தரும் பொம்மை குழந்தையை வெறும் உடைமையாளனாக ஆக்குகிறது. கட்டைகள்தான் அவனைச் செய்கிறவனாக ஆக்குகின்றன என்பது அவர் வாதம். பிளாஸ்டிக் கட்டைக்குக் காப்புரிமை கோரப்பட்டது அதற்கு அடுத்த வருஷம். பார்த் பாராட்டிய கட்டையையும் சந்தை உடைமையாக மாற்றிவிடும் என்பதைப் பின்னால் வந்த வருஷங்கள் காட்டின.

மாற்றிய கருவி 'செட்'. 1978இல் மஞ்சள் நிறக் கோட்டை ஒன்று வந்தது. 1999இல் ஸ்டார் வார்ஸ் வந்தது. 2008இல் 5,922 துண்டுகளோடு தாஜ்மகால் வந்தது. தயாரிப்பை நிறுத்தியதும் பழைய சரக்குச் சந்தையில் அதன் விலை எங்கேயோ போனது. 2017இல் கம்பெனியே மறுபடி வெளியிட்டது. 2020 முதல் பெட்டிகளின் மேல் '18+' என்று வெளிப்படையாகவே அச்சிடுகிறார்கள். குழந்தை கலைத்துப் போடும். பெரியவர் கட்டி முடித்துக் கண்ணாடி அலமாரியில் வைப்பார். பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருப்பவரும் உண்டு. கட்டவே கட்டாத கட்டைக்குத்தான் அதிக விலை.

நம் நாட்டில் பொம்மைக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 சதவீதமாகவும் ஏறியது. 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இவ்வளவையும் தாண்டி வரும் பெட்டி யார் வீட்டு அலமாரிக்குப் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. திருவிழாக் கடையில் பாலிதீன் பையில் தொங்கும் பெயரில்லாத கட்டைகள் வேறு வீடுகளுக்குப் போகின்றன. அந்தப் பையில் கையேடும் கிடையாது, செட்டும் கிடையாது.

3

இருந்தாலும் இந்தப் பெரியவர்களைக் கேலி செய்துவிட்டுப் போய்விட முடியாது. அவர்களிடம் ஒரு ஒழுக்கம் இருக்கிறது.

1963 முதல் லேகோ கட்டை ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகிறது. அதற்கு முன்பு இருந்த செல்லுலோஸ் அசிடேட் கட்டை காலப்போக்கில் நெளிந்துவிடும். ஏ.பி.எஸ். நெளியாது, ஆனால் வெயில் பட்டால் வெள்ளையும் சாம்பல் நிறமும் பழுப்பேறும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால் நிறம் திரும்பும்; சில காலம் கழித்து மறுபடி பழுக்கவும் செய்யலாம். வயசு தெரியட்டும், பழுப்பை விட்டுவிடு என்பது ஒரு கட்சி. கடையில் வாங்கின அன்று இருந்த மாதிரி ஆக்கு என்பது எதிர்க்கட்சி. சண்டை ஓயவில்லை. ஆனால் பழைய செட்டை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது இரண்டு கட்சியிலும் நாணயமானவர்கள் சொல்லிவிடுவார்கள்: எத்தனை துண்டு மாற்றியது, எது வெளுத்தது, எது இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேறு கம்பெனிக் கட்டை கச்சிதமாகப் பொருந்தினாலும் செட்டுக்குள் விடமாட்டார்கள். தொட்டால் தீட்டு என்கிற மாதிரிதான். சுத்தத்தைப் பற்றிய இந்தப் பதற்றம் நமக்கு ஒன்றும் புதிதில்லை.

நம் ஊரில் பெரியவர்கள் பொம்மை சேர்த்துக் காட்சிக்கு வைக்கும் பழைய மரபு நவராத்திரிக் கொலு. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று படி கட்டி, பரணிலிருந்து இறக்கிய பொம்மைகளுக்கு வண்ணம் தொட்டு வைக்கிறார்கள். கொலுவுக்குக் கையேடு இல்லை. வருஷம் ஒரு பொம்மை சேரும். தசாவதாரத்துக்குப் பக்கத்தில் செட்டியார் கடையும் வரும், காந்தியும் வருவார், கிரிக்கெட் டீமும் வரும். அந்த வகையில் அது முடிவு பெறாத செட். ஆனால் படி எந்த வீடுகளில் கட்டப்படுகிறது, தாம்பூலம் வாங்க யார் உள்ளே அழைக்கப்படுகிறார்கள் என்று கேட்டால் அதன் எல்லை தெரிந்துவிடும். பண்ருட்டியிலும் வில்லியனூரிலும் மண் பிசைந்த கைகளுக்குப் படியில் இடமில்லை.

கட்டடங்களைப் பாதுகாப்பதிலும் எழுதிவைத்த நெறிகள் உண்டு. இந்தியத் தொல்லியல் துறைக்கு ஜான் மார்ஷல் 1923இல் எழுதிய கையேடு, புதுப்பிப்பதைவிட இருப்பதைக் காப்பாற்று என்றது. 1964இன் வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்த்த பகுதி மூலத்திலிருந்து பிரித்தறியக்கூடியதாக இருக்க வேண்டும் என்றது. கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் விதித்த இந்த நாணயத்தை வரலாற்றுக்கும் விதித்தால் என்ன? செஞ்சியை வைத்துப் பார்ப்போம்.

4

செஞ்சிக்கு ஒவ்வொருவரும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கிறார்கள். பீஜப்பூர்க்காரர்கள் பாதுஷாபாத் என்றார்கள். மராத்தியர் சண்டி என்றார்கள். மொகலாயர் நுஸ்ரத்கட் என்றார்கள். ஆங்கிலேயர் கிழக்கின் டிராய் என்றார்கள். கோட்டையைத் தொடங்கியவர் ஆனந்தக்கோன் என்ற இடையர், காலம் 1200ஐ ஒட்டி என்பது உள்ளூர் மரபு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணக் கோன் எழுதிய 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' வழியாக அது நமக்கு வந்திருக்கிறது. பிறகு குறும்பர், விஜயநகரம், நாயக்கர். 1649இல் பீஜப்பூர். 1677இல் சிவாஜி. 1698இல் ஜுல்பிகார்கான். 1750இல் பிரெஞ்சுக்காரர். 1761இல் ஆங்கிலேயர்.

கணக்குப் பாருங்கள். மராத்தியர் கையில் 21 வருஷம். பீஜப்பூர் கையில் 28. மொகலாயர், ஆற்காட்டு நவாப் காலம் 52. பிரெஞ்சுக்காரர் 11. நாயக்கர் காலம் ஒரு நூற்றாண்டுக்கும் மேல். இதைச் சொல்வது மராத்திய லேபிள் பொய் என்று காட்டுவதற்கில்லை. சிவாஜி கோட்டையைப் பலப்படுத்தினார். அவருடைய மகன் ராஜாராம் மொகலாய முற்றுகைக்கு எட்டு வருஷம் தாக்குப்பிடித்து மராத்திய அரசை உயிரோடு வைத்திருந்தது இங்கிருந்துதான். அந்தக் கட்டைகள் மெய்யானவை. 91 கோடி விதங்களில் ஒன்றைக் கையேடாக அச்சடித்துவிட்டார்கள் என்பதுதான் பிரச்சினை.

இதற்குப் பதிலாகத் 'தமிழர் கோட்டை' என்று இன்னொரு பெட்டி செய்தால் கதை மாறிவிடுமா? அதுவும் ஒரு கையேடுதான். அந்தப் பெட்டியில் சாதத்துல்லாகான் பள்ளிவாசலை எங்கே வைப்பது? ராஜபுத்திரனான தேசிங்கையும், பாட்டில் மோவுத்துக்காரன் என்று வரும் அவன் சிநேகிதன் மகபத்கானையும் எங்கே வைப்பது? தெருத்தெருவாகப் பாடப்பட்ட அந்தக் கதைப்பாடல் ஒரு இந்துவையும் ஒரு முஸ்லிமையும் ஒரே களத்தில் சாகவைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்து அழவைத்தது. எந்தப் பெருங்கதையாடலின் பெட்டியிலும் அது சுலபமாக அடங்காது.

மிஞ்சும் கட்டைகள் இன்னும் இருக்கின்றன. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. ஒரு செட்டின் துண்டு இன்னொரு செட்டில் பொருந்திவிட்டது. மீட்டமைப்பு என்றால் அவற்றைத் திருப்பிக் கொண்டுவருவதா, அல்லது அவை எங்கே நிற்கின்றன என்று செஞ்சியில் எழுதி வைப்பதா?

எல்லோரும் செஞ்சியை மூன்று மலை என்று சொல்லிப் பழகியிருக்கிறோம்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. நாலாவதாக ஒரு சின்னக் குன்று இருக்கிறது. பழைய நூல்களில் சக்கிலிதுர்க்கம் என்றும் சாமார் டிக்ரி என்றும் அதற்குப் பெயர். இரண்டும் தோல் வேலை செய்தவர்களின் சாதிப் பெயர்கள். 'முக்கியத்துவம் குறைந்தது' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். தோல் இல்லாமல் சேணம் இல்லை, குதிரைப்படை இல்லை. கமலைக்குத் தோல் பை இல்லாமல் கழனிக்குத் தண்ணீர் இல்லை, களஞ்சியத்தில் நெல்லும் இல்லை. அந்தக் குன்று கணக்கில் விட்டுப்போனது தற்செயல் என்று நம்பச் சொல்கிறீர்களா?

செஞ்சிக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் அங்கே கல்வெட்டு வைத்தான். எந்தெந்தப் பொருள் இல்லை என்று அவ்வளவு துல்லியமாகப் பட்டியல் போட்ட கல்வெட்டு, யார் கை குடைந்தது என்று சொல்லவில்லை. விட்டுப்போகும் துண்டு எப்போதும் அதே துண்டாக இருக்கிறது.

5

இன்றைய போர்களின் டாங்கியையும் துப்பாக்கியையும் பொம்மையாக்குவதில்லை என்பது லேகோவின் நீண்டகாலக் கொள்கை. கோட்டைக்கு மட்டும் 1978 முதல் தடையில்லை. பழசாகிவிட்ட போர் பொம்மையாகலாம் போலிருக்கிறது. பாரம்பரியமும் அந்த விதியில்தான் இயங்குகிறது. செத்தவர்களை அப்புறப்படுத்திய பிறகுதான் முற்றுகை அழகாகிறது; மொகலாயப் பாளையத்தில் பஞ்சத்தில் செத்தவர்களுக்கு எந்தக் கோட்டையின் பொம்மையிலும் துண்டு கிடையாது. 1714 அக்டோபர் 3இல் நவாபின் படையோடு மோதி தேசிங்கு இறந்தான். உடன்கட்டை ஏறிய அவன் ராணியின் நினைவாக நவாப் அமைத்த ஊர் ராணிப்பேட்டை என்பது வழக்கு. இன்றைக்கு அங்கே ஃபன்ஸ்கூல் கம்பெனி பொம்மை வார்க்கிறது. வெறும் சந்தர்ப்பச் சேர்க்கைதான். ஆனாலும் எரிந்துபோன ஒரு பெண் எவ்வளவு சுலபமாக வெறும் ஊர்ப்பெயராகிவிடுகிறாள் என்பதைக் காட்டுகிறது.

மகாராஷ்டிரத்தில் தீபாவளிக்குப் பிள்ளைகள் தெருவோரத்தில் மண்ணால் சிவாஜியின் கோட்டைகளைக் கட்டுகிறார்கள். செஞ்சி வட்டாரத்தில் கோட்டை கட்டும் வழக்கம் இல்லை, வேறொன்று இருக்கிறது. பழைய செஞ்சி என்று சொல்லப்படும் மேலச்சேரியின் திரௌபதி அம்மன் கோயிலிலிருந்து தொடங்கி இந்தப் பக்கத்து வழிபாட்டையும் கூத்தையும் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் 1988இல் விரிவாக எழுதினார். பாரதக் கூத்தின் கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகப் படுக்கவைத்துக் கட்டுவார்கள். சண்டை முடிந்ததும் உடைப்பார்கள். அடுத்த வருஷம் மறுபடி கட்டுவார்கள். எதையும் அலமாரியில் வைப்பதில்லை. கொன்றதையும் செத்ததையும் ஊர் பார்த்திருக்க, பெண்கள் ஒப்பாரி வைக்க, போர் போராகவே நினைவில் நிற்கிறது. கட்டுடைத்தல் என்று நாம் பிரெஞ்சுக்காரர்களைப் படித்துவிட்டுப் பேசும் காரியத்தை இந்த ஊர் மண்ணில் வருஷாவருஷம் கையால் செய்துகொண்டிருக்கிறது.

படுகளத்து மண்ணைப்போலக் கோட்டையை வருஷம் ஒருமுறை உடைத்துக் கட்ட முடியாது. அதைச் சொல்லும் கதையை உடைத்துக் கட்டலாம். பட்டியலில் சேர்த்தாகிவிட்டது, அதைத் திருப்பிக் கொடு என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஒரு சாதாரணப் பொம்மைச் சேகரிப்பாளர் பழைய பெட்டியோடு கொடுக்கும் துண்டுச்சீட்டையாவது கேட்கலாம்: எது யார் வைத்தது, எது மாற்றியது, எது வெளியே போனது, எது காணவில்லை. கோட்டை வாசலில் தமிழில், எல்லோரும் படிக்கிற எழுத்தில், அந்தப் பட்டியல் இருக்க வேண்டும். புதுச்சேரிக்குப் போன தூண்கள் அதில் வர வேண்டும். நாலாவது குன்றும் வர வேண்டும்.