உப்பு போடச் சொன்ன வாத்தியார்



இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பாதி வரலாறு, பாதி என் தவறு. பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற கார்த்திகையில் பெரம்பூரிலிருந்து தங்கை மகன் போன் செய்தான். "மாமா, திருக்கைக்கு அடிபட்டுடுச்சு" என்றான். கொளத்தூரில் வாங்கிய நன்னீர்த் திருக்கை. சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும், கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். கடைக்காரர்கள் 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் சக்கர் மீன் ஒன்றையும் அதே தொட்டியில் விட்டிருந்தான். அது இரவில் திருக்கையின் முதுகில் ஒட்டிக்கொண்டு, மேலிருக்கும் வழவழப்பை உறிஞ்சித் தோலைப் புண்ணாக்கியிருக்கிறது. ஓரத்தில் சதை வெள்ளையாகத் தெரிந்ததாம்.

நான் சற்றும் யோசிக்காமல், "கல் உப்பு ஒரு கைப்பிடி போடுடா, சரியாயிடும்" என்றேன். முப்பது வருடம் வகுப்பறையில் தங்கமீன் தொட்டி வைத்திருந்த அனுபவம் பேசியது. வாத்தியார் சொன்னால் கேட்பார்கள் அல்லவா? அவனும் போட்டான். மறுநாள் திருக்கை இரையைத் தொடவில்லை. ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டுவிட்டன.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நம் அல்லிக்கேணிக் குளத்தில் மீன் வாழாது, அது ஒரு முனிவரின் சாபம் என்று வீட்டுப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். அந்தக் குளத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், மெரினா கடற்கரையில், 1909 அக்டோபரில் இந்தியாவின் முதல் பொது மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு வித்திட்டவர் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ரங்காச்சாரியுடன் சேர்ந்து ஏழு தொகுதிகள் வெளியிட்டவர் அவர்தான். அந்த நூலும் அதே 1909இல்தான் வந்தது. அடிப்படையில் அவர் மருத்துவம் படித்தவர். 1919இல் காட்சியகம் மீன்வளத் துறையின் கைக்குப் போனது.

என் அப்பா சிறுவனாக இருந்தபோது அங்கே போயிருக்கிறார். "கண்ணாடியில மூக்கை வச்சு அழுத்திக்கிட்டு நின்னேன், வீட்டுக்கு வர மனசே இல்லை" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1942இல் ஜப்பான் குண்டு போடும் என்ற அச்சத்தில் ஊரே காலியானபோது காட்சியகம் மூடப்பட்டது. அதே ஏப்ரலில் மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்ற பயம். கூண்டிலும் தொட்டியிலும் இருப்பவற்றுக்கு ஓடிப்போக வழி கிடையாது. நாம் பயந்தாலும் தவறு செய்தாலும் அவைதான் அனுபவிக்கின்றன. இதை அப்பா சொன்னபோது எனக்கு உறைக்கவில்லை. அன்றிரவு உறைத்தது.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி, பின்னாளில் மீன்வளம் படித்தவள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவளிடம் கேட்டேன். "சார், உப்பை யார் போடச் சொன்னது?" என்றாள். "நான்தாம்மா" என்றேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு எனக்குப் பாடம் நடத்தினாள்.

கடல் திருக்கை தன் ரத்தத்தில் யூரியாவைச் சேர்த்து வைத்துத்தான் உப்புக் கடலைச் சமாளிக்கிறது. அமேசான் ஆற்றுத் திருக்கையின் முன்னோர்களும் கடலிலிருந்து வந்தவைதான். ஆனால் கோடி ஆண்டுகளுக்கும் மேலாக ஆற்றிலேயே வாழ்ந்ததில் அந்தத் திறமையை இழந்துவிட்டன. அவற்றின் ரத்தத்தில் யூரியா மிகக் குறைவு என்பதை 1967இல் தாமஸ் தார்சன் குழுவினர் கண்டறிந்து வெளியிட்டார்கள். உப்பை வெளியேற்றும் சுரப்பியும் சுருங்கிவிட்டது. தங்கமீனுக்கு மருந்தாகும் உப்பு இதற்குச் சுமை.

அவள் சொல்லி நாங்கள் செய்தவை இவை. முதலில் சக்கர் மீனை வேறு தொட்டிக்கு மாற்றினோம். கூரான கற்களை எடுத்துவிட்டு, விளக்கை அணைத்து, காற்றுக் குழாய் ஒன்று கூடுதலாக வைத்தோம். தினமும் கால் பங்குத் தண்ணீர் மாற்றினோம், உப்பும் அம்மோனியாவும் குறைவதற்காக. போர் தண்ணீர் கரிக்கும், ஆகவே மெட்ரோ தண்ணீர்தான். அதிலும் குளோரின் போகும்வரை டிரம்மில் காற்று ஓடவிட்டு, தொட்டிச் சூட்டுக்கு வந்த பிறகே ஊற்றினோம். கடையில் கொடுத்த நீல மருந்தைத் தொடவே விடவில்லை. தாமிரம் கலந்தது திருக்கைக்கு விஷமாம். ஆண்டிபயாட்டிக் தேவையா என்பதைப் புண்ணைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்றாள். மருத்துவர் வந்து பார்த்து, தேவையில்லை, தண்ணீரே மருந்து என்றார்.

கையால் தூக்கவே கூடாது என்றும் எச்சரித்தாள். வால் முள்ளில் விஷம் உண்டு. இது நம் நடுக்குப்பம் மீனவர்களுக்குத் தெரியாததா? முள் குத்தினால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆறாம் நாள் ஒரு மண்புழுவைத் தின்றது. தங்கை மகன் வீடியோ அனுப்பினான். நான் என் பேத்திக்குக் கூடக் காட்டாமல் நாலு முறை தனியாகப் பார்த்தேன். தைக்குள் புண் ஆறிவிட்டது. ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு மட்டும் நிலைத்துவிட்டது. அது என் கையெழுத்து.

திருக்கை வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஆற்றுத் திருக்கைகளில் ஏழு இனங்கள் 2022இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வாங்குமுன் எந்த இனம், பதிவு செய்ய வேண்டுமா என்று விசாரியுங்கள். பெரிதானால் எங்கே வைப்பது என்றும் யோசியுங்கள்.

என்னிடம் படித்தவர்களே, நான் சொன்னது தவறு என்று தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள். அவள் சொன்னதால் ஓர் உயிர் பிழைத்தது. உங்கள் தாத்தா, பாட்டி யாராவது அந்த மெரினா மீன் காட்சியகத்தைப் பார்த்திருந்தால், அவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள். அப்பா இல்லாத குறைக்கு நான் படித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
திருவல்லிக்கேணி